லண்டனுக்குப் போகாதவள்

கற்பூரச்சட்டியை என் தலையில் வைத்தவர் செல்வமக்கா. வைத்த இடம் பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கக் கதவடி. பக்கத்தில் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. சாமி காரியத்துக்கு ஏற்ற இடமில்லைத்தான். ஆனால் மூன்று தேர்த் திருவிழாக்களை மேல்மாடி யன்னலிலிருந்தே பார்த்தவள் நான். நாலாவது தேருக்குத் தெருவில் இறங்கப் போகிறேன் என்றால் குப்பைத் தொட்டி என்ன, கோபுரவாசல் என்ன?

"கழுத்தை ஆட்டாதை. நேரே நில், பிள்ளை. பாரமோ?"

"பாரமில்லை அக்கா. பழக்கமில்லை."

பகல் வெளிச்சத்தில் தெருவில் நிற்பதைத்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் கற்பூரத்தைக் கொளுத்தினார். உள்ளே கொளுத்தினால் புகையைக் கண்டு கட்டடக் காவல்காரி நெருப்பணைக்கிறவர்களைக் கூப்பிட்டுவிடுவாள் என்று பயம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சட்டி ஆடியது. சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

வெளியே தவில் கிட்ட வந்துகொண்டிருந்தது. தேருக்குப் பின்னால் கற்பூரச்சட்டி எடுத்த பெண்களின் வரிசை வரும். அந்த வரிசையில் என் மகள் ஆரணி வந்துகொண்டிருந்தாள். பத்து வயதுப் பிள்ளை. அவள் தலையிலும் ஒரு சின்னச் சட்டி.

அந்தச் சட்டி அவளுடைய நேர்த்திக்கடன் இல்லை. அவளை வைத்திருந்தவளுடைய நேர்த்தி. என்ன நேர்த்தி தெரியுமா? ஓடிப்போன நான் அகப்பட வேண்டும் என்பதுதான்.

ஏன் கத்தவில்லை?

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் வந்த என் தொடரைப் படித்துவிட்டு லியோனிலிருந்து ஒரு அக்கா தொலைபேசியில் பேசினார். "தங்கச்சி, பக்கத்து வீட்டிலை வெள்ளைக்காரர் இருந்திருப்பினம்தானே. ஏன் ஒருக்கா வாய் திறந்து கத்தேல்லை?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே தேரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு அவருக்குப் பதில் சொல்கிறேன்.

போர் முடிந்த வருடம் நான் முகாமில் இருந்தேன். கணவர் இல்லை. ஆரணிக்கு நாலு வயது. அப்போது பாரிசிலிருந்து ஒருத்தி எங்களைத் தேடி எடுத்தாள். கணவரின் தூரத்து உறவு. அவளை இந்தத் தொடர் முழுவதும் வீட்டுக்காரி என்றுதான் எழுதுகிறேன். பெயரை எழுதினால் அவளுக்கு விளம்பரம்.

"பிள்ளையை முதலிலை கூட்டிக்கொண்டு போறன். நீ பின்னாலை வா, தங்கச்சி" என்றாள். தெய்வமே சேலை உடுத்து வந்ததுபோல இருந்தது எனக்கு. தன் பிள்ளை என்று எழுதி ஆரணியைக் கூட்டிச் சென்றாள். நான் முகவர் ஒருவர் வழியாக, பல நாடுகளில் ஒளித்துக் கிடந்து, பல மாதங்கள் கழித்து வந்து சேர்ந்தேன். வந்த அன்றே என் கடவுச்சீட்டு அவள் அலுமாரிக்குள் போய்விட்டது.

பாரிசுக்கு வெளியே, வில்லியே லே பெல்லுக்கும் அப்பால், உயர்ந்த செடிவேலி வைத்த வீடு. சமையல், கழுவல், துடைத்தல், அவள் பிள்ளைகளைப் பார்த்தல் எல்லாம் நான். பாரிசில் தமிழர் கடைத்தெருவான லா ஷப்பலில் அவள் புருஷனுக்கு ஒரு மளிகைக்கடை இருந்தது. அங்கே விற்கும் ரோல்ஸ், பற்றீஸ் பலகாரம் எல்லாம் என் கையால் போனவை. படுக்கை சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில். சம்பளம் கிடையாது. வாசல் கதவுக்குத் திறப்பு, அதாவது சாவி, கிடையாது. விருந்தினர் வந்தால் மட்டும் நான் 'எங்கட தங்கச்சி'.

அடிமை என்ற சொல்லை அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. அடிமை என்றால் காலில் சங்கிலி வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் கேட்டேன். "அக்கா, நான் பிள்ளையையும் கொண்டு போய் எங்கையாவது வேலை செய்து பிழைக்கிறன்."

அவள் சத்தம் போடவில்லை. தேநீரை ஊதிக்கொண்டே சொன்னாள். "நீ போ. வெளியிலை கால் வைச்சால் பொலிஸ் உன்னைப் பிளேன் ஏத்தும். ஆரணி இஞ்சை என்ர பிள்ளை. பேப்பரிலை அப்பிடித்தான் இருக்கு."

லியோன் அக்கா, இதுதான் பதில். கத்தினால் பிள்ளை போய்விடும் என்று நம்பினேன். அதனால் கத்தவில்லை.

அவள் விரதம், என் பசி

வீட்டுக்காரியின் பக்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

அவளுக்கு எதற்கும் நேர்த்தி வைக்கும் பழக்கம். பிள்ளைக்குச் சளி என்றால் நேர்த்தி. கடையில் குளிர்பெட்டி பழுது என்றால் நேர்த்தி. ஆனால் நேர்த்தியைச் செய்து முடிக்கிற வேலை என்னுடையது. கந்தசஷ்டி வந்தால் அவளுக்கு வயிற்றெரிச்சல். "நீ பிடி தங்கச்சி. பலன் எல்லாருக்கும்தானே" என்பாள். நான் இளநீரும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் இருந்தேன். அதே வாரம் அவள் சொந்தக்காரருக்காக அதே அடுப்பில் ஆட்டிறைச்சி பிரட்டினேன். மணம் மூக்கைத் துளைக்கும். அவள் வரவேற்பறையில் இருந்து, "பவானி, உப்புப் பார்க்காதை, விரதம் முறிஞ்சிடும்" என்று குரல் கொடுப்பாள்.

அவள் முழங்கால் வலி தீர, அடிக்கு அடி விழுந்து கும்பிட்டுக் கோயிலை நான் அடியழித்தேன். அவள் முழங்கால் வலி தீரவில்லை, எனக்கு வந்தது. முருகனுக்கு விலாசம் மாறிவிட்டது என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை.

ஆள் மாற்றி நேர்த்தி செய்யும் இந்தப் பழக்கம்தான் கடைசியில் அவளுக்கு வினையாக வந்தது.

முதுகில் எப்படிப் பட்டது?

ஆரணிக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது சுவிசில் இருந்த வீட்டுக்காரியின் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. பத்தியம் காய்ச்ச, பிள்ளை பார்க்க ஆள் வேண்டும். என்னை அனுப்ப முடிவு செய்தார்கள். சோற்றுப் பானையை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதுபோல. ஆரணி பாரிசிலேயே இருப்பாள்.

"எவ்வளவு காலம் அக்கா?"

"பிள்ளை வளரும் மட்டும்."

தம்பி வீட்டுக்குப் போகிறவள் கிழிந்த பிளவுசோடு போகக்கூடாதே, அவர்கள் மானம் என்னாவது? ஆகவே லா ஷப்பலுக்குக் கூட்டி வந்தாள். அவர்களுடைய மளிகைக்கடைக்கு நேர் எதிரே முதலாம் மாடியில் செல்வமக்காவின் தையற்கடை. என்னை அங்கே விட்டுவிட்டு, "அளவெடுத்து முடிய நேரே கடைக்கு வா" என்று இறங்கிப் போனாள்.

செல்வமக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டு என் முதுகில் நாடாவை வைத்தார். கை நின்றது.

"இது என்ன தழும்பு?"

"அயன்பொக்ஸ் பட்டது அக்கா."

"ஆர் அயன் பண்ணினது?"

"நான்தான்."

"நீ அயன் பண்ணேக்கை உன்ர முதுகிலை எப்பிடிப் பட்டது?"

அவர் ஊசியை வாயில் கவ்வியபடி நின்றார். பிறகு அதை எடுத்துச் சட்டைக் கழுத்தில் குத்தினார். மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சுவிஸ் வரைக்கும் சொன்னேன்.

"ஓடுவியோ?"

"பிள்ளை அங்கை இருக்குதே."

"சுவிசுக்குப் போனாலும் பிள்ளை இஞ்சைதான் இருக்கும். என்னோடை இருந்தால் அவளைக் கண்ணாலையாவது காணுவாய். சனிக்கிழமையிலை அவையள் அவளைக் கடைக்குக் கொண்டு வாறவை."

நான் இந்த ஒரு விஷயத்தில் எப்போதும் நெஞ்சை நிமிர்த்துவேன். அந்த நிமிடம் நான் அழவில்லை, தயங்கவும் இல்லை. பிளவுசின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "எந்தப் பக்கம் படி?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரி வந்து தேடியபோது செல்வமக்கா தையல் இயந்திரத்திலிருந்து தலை நிமிரவே இல்லையாம். "அளவெடுத்து முடியக் கடைக்கெண்டுதானே இறங்கினவ. வரேல்லையோ?" என்றாராம்.

வேலைக்காரி அறை

பாரிசின் பழைய கட்டடங்களில் கூரைக்குக் கீழே சின்னச் சின்ன அறைகள் இருக்கும். பணக்காரர் அந்தக் காலத்தில் வேலைக்காரிகளைப் படுக்க வைத்த அறைகள். இன்றும் பிரெஞ்சில் அதற்கு வேலைக்காரி அறை என்றுதான் பெயர். தையற்கடை இருந்த அதே கட்டடத்தில், செல்வமக்கா துணிக்கட்டுகளை அடுக்கி வைத்திருந்த அப்படி ஒரு அறையில் நான் ஒளித்திருந்தேன். வேலைக்காரியாக இருந்த வருடங்களில் எனக்கு அறை கிடைக்கவில்லை. வேலையை விட்டு ஓடிய பிறகுதான் வேலைக்காரி அறை கிடைத்தது.

நிமிர்ந்தால் தலை இடிக்கும். கோடையில் தகரம் கொதிக்கும். பனிக்காலத்தில் துணிக்கட்டுகளுக்குள் நுழைந்து படுப்பேன். ஆனால் கதவைப் பூட்டும் திறப்பு என் கையில் இருந்தது.

யன்னலில் பழைய லேஸ் துணி தொங்கவிட்டிருந்தோம். அதன் ஓட்டைகளால் பார்த்தால் நேரே கீழே மளிகைக்கடை. சனிக்கிழமை மத்தியானம் ஆரணி வருவாள். வாசலோடு அடுக்கிய அரிசி மூட்டையில் ஏறி இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். பேனையின் பின்பக்கத்தைக் கடிப்பாள். ஒருநாள் நீலக் கோட்டைத் தொலைத்துவிட்டு அடி வாங்கினாள். இன்னொரு நாள் முன்பல் விழுந்து சிரித்தாள். அவள் வளர்ந்ததை நான் மேலிருந்துதான் பார்த்தேன். உச்சி பிரிக்கும் கோட்டை யார் எடுத்துவிட்டார்களோ, அது எப்போதும் கோணல். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம் வரும்.

என்னைத் தேடி லா ஷப்பல் முழுவதும் கேட்டுத் திரிந்தார்கள். தேடாத இடம் தங்கள் கடைக்கு எதிர்ப்பக்கம். அதுவும் நெடுநாள் தாங்காது என்று செல்வமக்காவுக்குத் தோன்றியது. லண்டனில் இருந்த தன் தங்கையைக் கொண்டு வீட்டுக்காரிக்குத் தொலைபேசி எடுக்க வைத்தார். "உங்கட பவானியை இஞ்சை கோயிலிலை கண்டனான். நல்ல சேலை உடுத்துக்கொண்டு நிக்கிறா" என்று அந்தத் தங்கை அள்ளிவிட்டார்.

வீட்டுக்காரி நம்பினாள். நம்பியதோடு தெரு முழுவதும் பரப்பினாள். "பெத்த பிள்ளையை விட்டிட்டு லண்டனுக்கு ஓடிட்டாள்" என்ற பேச்சு தையற்கடைக்கும் வந்தது. அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். அவர்களுடைய பிளவுசுக்குத்தான் நான் மேலே இருந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடங்களில் லா ஷப்பலில் கலியாணம் செய்த பெண்களில் பாதிப்பேரின் கூறைப் பிளவுசில் என் கொக்கி இருக்கிறது. ஒன்றுகூடக் கழன்றதாக முறைப்பாடு வரவில்லை. திட்டியவர்களுக்கும் சேர்த்தே இறுக்கித் தைத்தேன்.

கனடாப் பேச்சு

நாலாவது தேருக்குச் சில கிழமைகள் முன்பு வீட்டுக்காரியே பிளவுசுக்கு வந்தாள். இரண்டு அங்குலம் பெருத்திருந்தாளாம். இதை எழுதுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம், மன்னியுங்கள்.

அளவு கொடுக்கிற பெண்கள் தையற்காரியிடம் எதையும் மறைக்க மாட்டார்கள். அவளும் சொன்னாள். பவானி அகப்பட வேண்டும் என்று பிள்ளையாருக்குக் கற்பூரச்சட்டி நேர்ந்திருக்கிறாளாம். தனக்குத் தார்வீதிச் சூடு ஆகாது, ஆரணி எடுப்பாளாம். தேர் முடிந்த கிழமை ஆரணியைக் கனடாவில் இருக்கும் தன் தமக்கையிடம் அனுப்பப் போகிறாளாம். "அங்கையும் ஒரு பெட்டைப்பிள்ளை கைக்குதவியா இருந்தால் நல்லதுதானே" என்றாளாம்.

செல்வமக்கா மேலே ஏறி வந்து இதைச் சொன்னபோது நான் அந்தப் பிளவுசைத்தான் மடியில் வைத்திருந்தேன். என் பிள்ளைக்கும் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கப் போகிறார்கள் என்று விளங்கியது. இனி ஒளித்திருந்து பயனில்லை.

தையற்கடைக்கு வருகிறவர்களில் லூர்தம்மா என்று ஒரு புதுச்சேரிக்காரப் பெண் இருந்தார். எங்களைப் போல வீடுகளுக்குள் அடைபட்டவர்களுக்கு உதவுகிற ஒரு சங்கத்தில் வேலை. செல்வமக்கா அவரை மேலே கூட்டி வந்தார். அவர் குனிந்து உள்ளே வந்து, துணிக்கட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டார்.

"பேப்பர்ல என்ன வேணா எழுதியிருக்கட்டும்மா. ரத்தத்தைச் சோதிச்சா நீங்கதான் தாய்னு வந்துடும். ழுஜ் அதைத்தான் பாப்பாங்க. ஆனா நீங்க ஒளிஞ்சிக்கிட்டு இருக்கிற வரைக்கும் நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். ழுஜ் என்றால் நீதிபதி.

"அதுக்குள்ளை கனடாவுக்கு அனுப்பிடுவினம்."

"அனுப்ப விட மாட்டோம். தேர் அன்னிக்குக் கோயில் வாசல்ல பொலிஸ் நிக்கும். சின்னப் பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற பிரிவு. அவங்க உங்க பொண்ணுகிட்ட கேப்பாங்க, இந்தம்மாவைத் தெரியுமா, இவங்ககிட்ட போக இஷ்டமான்னு. அவ வாயில வர்ற பதில் ரொம்ப முக்கியம். மாட்டேன்னு சொல்லிட்டா எல்லாம் நீண்டுடும்."

"நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறன்."

"தொடவே கூடாது. தொட்டா கடத்தல்னு அவங்க கேஸ் போட்டுடுவாங்க. நீங்க வாசல்ல என்னோட நில்லுங்க."

வாசலில் நிற்க நான் சம்மதிக்கவில்லை. தாய் தன்னை விட்டு லண்டனுக்கு ஓடியதாக நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளை. பொலிஸ்காரி கேட்கும்போதுதான் முதல்முதலாக என் முகத்தைப் பார்க்க வேண்டுமா? அதற்கு முன் அவளோடு நாலு வார்த்தை பேச வேண்டும். தொடாமல், மறிக்காமல், யாரும் குறுக்கே வராமல் பேச ஒரே இடம்தான் இருந்தது. சட்டி எடுத்தவளை எங்கள் ஆட்கள் தொட மாட்டார்கள், இழுக்க மாட்டார்கள், ஒதுங்கி வழிவிடுவார்கள்.

"எனக்கும் ஒரு சட்டி வாங்குங்கோ அக்கா" என்றேன்.

வரிசைக்குள்

இனித் தேரை நகர்த்துவோம்.

கதவைத் தாண்டி வெளியே வந்ததும் வெயில் கண்ணில் அடித்தது. தெருவெங்கும் உடைத்த தேங்காய், இளநீர் வாசம், கற்பூரப் புகை. வெள்ளைக்காரர் படம் பிடித்தார்கள். மூன்று வருடம் துணிக்கட்டுகளில் நடந்த என் காலுக்குத் தார் அடுப்புக்கல் போல இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பெண்கள் வரிசை வந்தது. எல்லாருக்கும் நடுவில் ஒரு சின்னத் தலை. நான் உள்ளே நுழைந்து அவளுக்குப் பக்கத்தில் நடந்தேன்.

"ஆரணி."

தலையில் சட்டி, திரும்ப முடியாது. கண் மட்டும் என் பக்கம் வந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் பேசினாள்.

"நீங்கள் லண்டனிலை."

"நான் ஒருநாளும் லண்டனுக்குப் போகேல்லை. உங்கட கடைக்கு எதிரிலை, கடைசி மாடியிலை இருந்தனான். நீ அரிசி மூட்டையிலை ஏறி இருந்து படிப்பாய். பேனையைக் கடிப்பாய். நீலக் கோட்டைத் துலைச்சதுக்கு அடி வாங்கினனீ."

அவள் முகம் மேலே போகப் பார்த்தது.

"நிமிராதை. சட்டி விழும்."

குனிந்துகொண்டாள். பிறகு, "பூர்குவா?" என்றாள். எனக்கு அப்போது தெரிந்த சில பிரெஞ்சுச் சொற்களில் அது ஒன்று. ஏன்?

"வெளியிலை வந்தால் உன்னைக் காணாமலே செய்துபோடுவினம் எண்டு பயந்தனான். இப்பவும் பயம்தான். ஆனால் வந்திட்டன்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "கோயிலடியிலை ஒரு பொலிஸ் அக்கா உன்னைக் கேப்பா. நீ விரும்பினதைச் சொல்லு. நான் உன்ர கையைப் பிடிச்சு இழுக்க மாட்டன்."

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இந்த இடத்தை எழுதி வாசித்துக் காட்டியபோது ஆரணி மறுத்தாள். "நான் அழேல்லை. அது புகை" என்றாள். சரி, புகை என்றே இருக்கட்டும்.

மஞ்சள் தண்ணீர்

தெரு திரும்பியதும் மளிகைக்கடை. வெறுங்காலோடு வருகிறவர்களின் கால் குளிர, கடைக்காரர்கள் வாசலில் நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டுக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சட்டி எடுத்தவள் அந்த நேரம் சாமிக்குச் சமம். வீட்டுக்காரி வாளியோடு குனிந்து நின்றாள். நான் கொக்கி தைத்த பிளவுஸ் அவள் முதுகில் இறுக்கமாகப் பொருந்தி இருந்தது.

ஆரணியின் காலுக்கு ஊற்றினாள். அடுத்தது என் கால். எத்தனையோ தடவை அவள் கால் வெடிப்புக்கு நான் எண்ணெய் பூசியிருக்கிறேன். இப்போது அவள் என் காலுக்குத் தண்ணீர் ஊற்றித் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். நான் நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உயரமாக நான் நின்றதில்லை.

அவள் நிமிர்ந்தாள். என்னைக் கண்டாள்.

அவள் பிள்ளையாரிடம் கேட்டது கிடைத்துவிட்டது. ஓடிப்போன நான் அவள் கடை வாசலிலேயே வந்து நின்றேன். ஆனால் என் தலையில் நெருப்பு எரிந்தது. சுற்றிவர ஊரே கைகூப்பி நின்றது. அவளால் என் சேலைத் தலைப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"உள்ளுக்கு வா" என்றாள், மெல்லிய குரலில். அந்தக் குரலுக்கு நான் வருடக்கணக்காக எழும்பி ஓடியவள். அன்று அசையவில்லை.

அவள் ஆரணியிடம் திரும்பினாள். "நீ வா, ஆரணி. சட்டியை இறக்கிப்போட்டு உள்ளுக்கு வா."

"ஜ பூ பா" என்றாள் என் மகள். முடியாது. பிறகு தமிழில், "நேத்தி இன்னும் முடியேல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நானும் நடந்தேன். அவள் எனக்காக நடந்தாளா, சாமிக்குப் பயந்து நடந்தாளா? கோயில் வரும் வரைக்கும் எனக்குத் தெரியாது.

சின்ன இடைவேளை

இதைப் படிக்கிற சிலருக்கு அவசரம் இருக்கும். பிறகு என்ன ஆனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரத்தப் பரிசோதனை நடந்தது. தீர்ப்பு வரும் வரைக்கும் ஆரணி பிள்ளைகள் விடுதியில் இருந்தாள், நான் கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். வழக்கில் அவர்களுடைய வழக்கறிஞர், "இவர்கள் பண்பாட்டில் உறவுக்காரர் வீட்டு வேலை செய்வது இயல்பு" என்றார். லூர்தம்மா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் நான் கையை உயர்த்தினேன். எங்கள் பண்பாட்டில் உறவுக்காரருக்குக் கதவுத் திறப்பு கொடுப்பார்கள் என்று சொன்னேன். நீதிமன்றம் அவர்களுக்குத் தண்டனை கொடுத்தது.

இப்போது பாரிசின் புறநகரான சார்செலில் எங்களுக்கு வீடு. மணிப்பொத்தானுக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. RER D ரயில் பிடித்து லா ஷப்பலுக்கு வந்து, செல்வமக்காவோடு பங்காகத் தையற்கடை நடத்துகிறேன். ஆரணி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறாள். நானும் இப்போது பிரெஞ்சிலேயே திருப்பிக் கொடுக்கிறேன்.

சட்டி இறக்கிய இடம்

கோயிலடிக்கு வந்து சேர்ந்தபோது கற்பூரம் அணையும் நிலையில் இருந்தது. நடைபாதையால் கூடவே ஓடி வந்த செல்வமக்கா என் சட்டியை இறக்கினார். கழுத்து விறைத்துப்போய் இருந்தது.

வாசலில் லூர்தம்மா நின்றார். பக்கத்தில் சாதாரண உடையில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும். பொலிஸ். அந்தப் பெண் ஆரணியின் முன்னால் குந்தி இருந்து, என்னைக் காட்டி, பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

"இந்தம்மா யாருன்னு கேக்கறாங்க" என்று லூர்தம்மா என் காதோடு சொன்னார்.

ஆரணியின் கண் என் பக்கம் வந்து போனது. அவள் தலையில் இன்னும் சட்டி இருந்தது. சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர் அவளிடம் வந்து கையை நீட்டினார். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"நீங்கள் வேண்டாம். எங்கட ஆக்கள்தான் இறக்கோணும்."

அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வழக்கம் அதுதான். நேர்த்தி எடுத்தவளின் சட்டியைச் சொந்த ஆட்கள் இறக்க வேண்டும். வீட்டுக்காரிதான் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"அப்ப உங்கட ஆக்கள் எங்கை, பிள்ளை?" என்று அவர் கேட்டார்.

அதற்குள் வீட்டுக்காரி வந்துவிட்டாள். கூட்டத்தை விலக்கி, மூச்சு இரைக்க, நனைந்த சேலையோடு. பொலிஸ் என்று தெரியாமல் அந்தப் பெண்ணையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"நான் இறக்கிறன். வா, ராசாத்தி."

என் கைகள் பக்கத்தில் தொங்கின. தொடக்கூடாது என்று லூர்தம்மா சொன்னது நினைவில் இருந்தது. நான் கூப்பிடவும் இல்லை. பொலிஸ்காரி எழுந்து நின்று மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆரணி கழுத்தை நேராக வைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். நீட்டிய கைகளைத் தாண்டி நடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"இறக்குங்கோ" என்றாள். "சுடுது."

நான் இறக்கினேன்.